காக்டெயில் வளர்ப்பு: கூட்டு வட்டிக் கணக்கு பலிக்காது

வங்கியில் 34 வருஷம் வேலை பார்த்தவன் நான். ஓய்வு பெற்றதும் ஒரகடத்துக்கும் வல்லக்கோட்டைக்கும் நடுவில், அப்பா விட்டுப்போன ஒன்றேகால் ஏக்கரில் இயற்கை வேளாண்மை செய்துவருகிறேன். பேத்தி ஆசைப்பட்டாள் என்று பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஒரு ஜோடி காக்டெயில் வாங்கினேன். வளர்த்துக் கற்றதையும், ஒரு பெட்டையைப் பறிகொடுத்துக் கற்றதையும் இங்கே சொல்கிறேன்.

முதலில் சட்டம். நம்ம ஊர் பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். காக்டெயில் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தது. கூண்டிலேயே தலைமுறை தலைமுறையாகப் பெருகி வந்த பறவை. வீட்டில் வளர்க்கத் தடையில்லை. கடை வைத்து விற்பதானால் 2018-ஆம் ஆண்டு செல்லப்பிராணிக் கடை விதிகளின்படி மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். பாவம் என்று பறக்க விட்டுவிடாதீர்கள். வெளியில் அதுக்குப் பிழைக்கத் தெரியாது.

கூண்டு

ஒரு ஜோடிக்கு மூன்றடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் வேண்டும். காலை வெயில் படணும், உச்சி வெயில் படக்கூடாது. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் வைத்தால் கத்திரியில் தாங்காது. எறும்பு ஏறாமல் கூண்டுக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். சமையலறைப் பக்கம் வேண்டவே வேண்டாம். நான்ஸ்டிக் சட்டி காய்ந்து கிளம்பும் புகையே பறவையைக் கொன்றுவிடும்.

இந்தப் பறவை இருட்டில் திடீரென்று மிரண்டு கம்பியில் மோதிக்கொள்ளும். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் ராத்திரி முழுக்க கண்டெய்னர் லாரி ஓடுகிற எங்கள் பகுதியில் இது பெரிய தொல்லை. மூன்று பக்கம் துணி போட்டு, பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு எரிய விட்டேன். அடங்கிவிட்டது.

இறகிலிருந்து மாவு மாதிரி தூசி உதிரும். கூண்டைச் சுத்தம் செய்யும்போது முகக்கவசம் போடுங்கள். ஆஸ்துமாக்காரர் படுக்கும் அறையில் வைக்காதீர்கள்.

தீவனம்

இதில் நமக்குத்தான் லாபம். தினை, சாமை, குதிரைவாலி, கம்பு எல்லாம் நம் நிலத்திலேயே வருகிறது. தினைக்கதிரை அப்படியே கட்டித் தொங்கவிட்டால் கொத்திக் கொத்தித் தின்னும். சூரியகாந்தி விதையில் கொழுப்பு அதிகம், கொஞ்சமாகக் கொடுங்கள். முருங்கைக்கீரை, கொத்தமல்லி, முளைகட்டிய பயறும் தேவை. கணவாய் ஓடு (நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேளுங்கள்) எப்போதும் கூண்டில் இருக்கட்டும். விதைநேர்த்தி மருந்து கலந்த விதையை மறந்தும் போடாதீர்கள். சாக்லேட், காபி, வெண்ணெய்ப்பழம் மூன்றும் விஷம்.

இனப்பெருக்கம்

சாம்பல் நிற வகையில் ஆணுக்கு முகம் பளிச்சென்று மஞ்சளாக இருக்கும். பெட்டைக்கு மங்கல், வாலின் அடியில் வரி இருக்கும். குஞ்சுப் பருவத்தில் எல்லாமே பெட்டை மாதிரிதான் தெரியும். ஒன்றரை வயதுக்கு முன் ஜோடி சேர்க்காதீர்கள்.

ஓரடிக்கு ஓரடி மரப்பெட்டி, அதில் இரண்டு அங்குலம் மரச்சீவல் போதும். ஒருநாள் விட்டு ஒருநாள் முட்டை. மொத்தம் 4 முதல் 7 வரை. பகலில் ஆண், ராத்திரியில் பெட்டை என்று முறைபோட்டு அடைகாக்கும். 18 முதல் 21 நாளில் பொரியும். நாலைந்து வாரத்தில் குஞ்சு பெட்டியை விட்டு வெளியே வரும். தானாகத் தின்னப் பழக எட்டிலிருந்து பத்து வாரம் ஆகும். அதுவரை யாருக்கும் கொடுக்கக்கூடாது.

நான் செய்த தப்பு

ஈட்டுக்கு ஐந்து குஞ்சு, வருஷத்துக்கு நாலு ஈடு, இருபது குஞ்சு, அவையும் பெருகினால்? கூட்டு வட்டி மாதிரி நோட்டில் கணக்குப் போட்டேன். பெட்டியைக் கழற்றவே இல்லை. நாலாவது ஈட்டில் பெட்டை கூண்டின் தரையில் இறகைச் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வால் ஏறி இறங்கியது. காலையில் மருத்துவரிடம் போகலாம் என்று படுத்துவிட்டேன். விடியும்போது செத்துக் கிடந்தது. முட்டை அடைப்பு. கால்சியம் தீர்ந்த உடம்பில் முட்டை வெளியே வர வலுவில்லை.

என் மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: “ஏங்க, மூணு போகம் வச்சா மண்ணு செத்துப்போகும்னு ஊருக்கெல்லாம் சொல்றீங்களே, இதுக்கு மட்டும் ஏன் ஓய்வு குடுக்கலே?”

பதில் சொல்ல முடியவில்லை.

இப்போது வருஷத்துக்கு இரண்டு ஈடுதான்: தையில் ஒன்று, ஆவணியில் ஒன்று. குஞ்சு பிரிந்ததும் பெட்டியைக் கழற்றிவிடுவேன். முட்டையைத் திருடக்கூடாது, எடுத்தால் ஈடுகட்ட மேலும் மேலும் இடும். குஞ்சு வளர்க்கும் காலத்தில் அவித்த முட்டையை ஓட்டோடு நொறுக்கிக் கொடுக்கிறேன். பெட்டை தரையில் குந்தி முக்கினால் கதகதப்பாக வைத்து அப்போதே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

எச்சமும் உமியும் மட்குக் குழிக்குப் போகின்றன. பெட்டி இப்போது கழுவிக் காயவைத்துக் கொட்டகையில் தொங்குகிறது. தை வரை அதை இறக்கமாட்டேன். இந்தப் பக்கம் வந்தால் தோட்டத்துக்கு வாருங்கள், கூண்டைக் காட்டுகிறேன். வளர்க்க நினைப்பவர்கள் வாங்குவதற்கு முன் ஒருமுறை யோசியுங்கள்: நன்றாகப் பார்த்துக்கொண்டால் இது 15 வருஷத்துக்கு மேலும் இருக்கும் உயிர்.