ப்ராஜெக்ட்டில் உன் பங்கு என்ன?

லேக் மார்க்கெட் பக்கம் வளர்ந்த கொல்கத்தா தமிழன் நான். ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் சால்ட் லேக் வளாகத்தில் தகவல் தொழில்நுட்பம் படித்தேன். செக்டர் ஃபைவ் கம்பெனிகள் அங்கிருந்து பக்கம்தான்.

கேம்பஸ் இன்டர்வியூவுக்குத் தயாராகும் தம்பி தங்கைகள் என்னிடம் முதலில் கேட்பது ஆன்லைன் தேர்வைப் பற்றி. கணக்கு, லாஜிக், ஆங்கிலம் மூன்றையும் கடிகாரம் வைத்துப் பழகுங்கள். விடை தெரிந்தும் நேரம் போதாமல் வெளியே வருபவர்கள் நிறையப் பேர். டிசிஎஸ்ஸின் என்க்யூடி தேர்வில் கிடைப்பது நிஞ்சா வேலையா, டிஜிட்டலா, பிரைமா என்பதைத் தீர்மானிப்பதில் கடினமான கோடிங் பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு. சம்பளமும் அதன்படி மாறும். ஆகவே ஆப்டிட்யூடோடு நிறுத்திவிடாதீர்கள்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது டெக்னிக்கல் இன்டர்வியூவைத்தான். ரெஸ்யூமில் போட்ட ப்ராஜெக்ட்டிலிருந்துதான் அங்கே கேள்விகள் கிளம்பும். நண்பர்களோடு சேர்ந்து, சால்ட் லேக்கின் கருணாமயி வழியாகப் போகும் பஸ் எங்கே வருகிறது என்று காட்டும் ஆப் ஒன்று செய்திருந்தேன். டேட்டாபேஸ் என் பொறுப்பு. இன்டர்வியூவில் உட்கார்ந்ததும், "இதில் உன் பங்கு என்ன?" என்றார் ஒருவர். சொன்னேன். "இந்த டேபிளில் இண்டெக்ஸ் எதற்கு? எடுத்துவிட்டால்?" தேடுவது மெதுவாகும் என்றேன். அவர் விடவில்லை. "பஸ் எத்தனை நொடிக்கு ஒருமுறை தன் இடத்தை அனுப்புகிறது?"

அது அவர் எடுத்துக்கொடுத்த அடி. ஒவ்வொரு முறை எழுதும்போதும் இண்டெக்ஸையும் புதுப்பிக்க வேண்டும்; தேடலில் மிச்சமாகும் நேரம் எழுதுவதில் செலவாகிறது. யோசித்ததை வாய்விட்டே சொல்லிக்கொண்டு போனேன்: இப்போதைய இடத்துக்குச் சின்ன டேபிள், பழைய பதிவுகளுக்குத் தனி டேபிள். அவரும் பேப்பரை இழுத்து என்னோடு சேர்ந்து வரைய ஆரம்பித்துவிட்டார். மனசுக்குள்ளேயே யோசித்துவிட்டு விடையை மட்டும் சொல்லியிருந்தால் இது நடந்திருக்காது. உங்கள் ப்ராஜெக்ட்டில் ஒவ்வொரு முடிவுக்கும் "ஏன்?" என்று நீங்களே கேட்டு வையுங்கள். நண்பன் எழுதிய பகுதியை உங்களுடையது என்று சொல்லாதீர்கள். இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

கல்லூரிக்கு வெளியே நடக்கும் டிரைவ் என்றால் இடத்தை முந்தின நாளே பார்த்துவிடுங்கள். சால்ட் லேக்கில் முகவரி எல்லாம் டிஎன், ஈபி, ஜிபி என்று பிளாக் எழுத்துகள்தான். புதிதாக வருபவர்களுக்குத் தலை சுற்றும். சாப்பிட்டுவிட்டுப் போங்கள். காத்திருப்பு மாலை வரை நீளும்.

ஹெச்ஆர் சுற்றில் "எந்த ஊருக்கும் போவாயா?" என்பார்கள். வீட்டில் முன்பே பேசி வைத்திருந்தால் தயங்காமல் பதில் வரும். பாண்டு இருந்தால் எத்தனை மாதம், இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்று படித்த பிறகே கையெழுத்து. ஒரிஜினல் சான்றிதழ்களைக் காட்டலாம், கொடுத்துவிட்டு வரக்கூடாது.

ஆஃபர் லெட்டர் கிடைத்தாலும் கடைசி செமஸ்டரில் அரியர் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சேரும் தேதியை மெயிலில் கேட்டு வாங்குங்கள். எனக்கு அந்தத் தேதி தள்ளிக்கொண்டே போனது. அந்த இடைவெளியில் மற்ற இன்டர்வியூக்களுக்கும் போய்க்கொண்டுதான் இருந்தேன். அதில் எந்தத் தவறும் இல்லை.