சமயபுரம் நடக்கப் போகும் பிள்ளைகளுக்கு

சமயபுரம் மாரியம்மன் சித்திரைத் தேருக்கு முதல் தடவையாக மஞ்சள் துணி கட்டி நடக்கப் போகிறீர்கள். மனசுக்கு நிறைவாக இருக்கிறது. திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து சமயபுரம் சுமார் 15 கிலோமீட்டர். திடமான ஆளுக்கு இது பெரிய தூரமில்லை. ஆனால் சித்திரை வெயில் திடமான ஆளையும் கீழே தள்ளிவிடும். அதனால் இவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. பின்னிரவிலேயே கிளம்புங்கள். கொள்ளிடம் பாலத்தில் ஒதுங்க ஒரு மரம் கிடையாது. கீழே வறண்ட மணலும் அனலடிக்கும். பொழுது ஏறுமுன் அதைத் தாண்டிவிட வேண்டும். அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கிலும், கோடையில் காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை நடக்காதீர்கள் என்றே வனக்காவலர்கள் சொல்கிறார்கள்.

2. தண்ணீர் குடிக்காமல் நடப்பதை விரதம் என்று நினைக்காதீர்கள். பக்தர்களுக்காக 28 நாள் பச்சைப்பட்டினி இருக்கும் அம்மனுக்கே நீர்மோர், பானகம், இளநீர், துள்ளுமாவுதான் நைவேத்தியம். தாகம் எடுக்குமுன் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள்.

3. வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடிப்பதும் ஆபத்து. வியர்வையோடு உப்பும் போகிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, எல்லாம் தலைதட்டிய அளவில் கலந்து வைத்துக்கொள்ளுங்கள்.

4. வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். தளர்வான பருத்தித் துணி உடுத்துங்கள். தலையில் ஈரத்துண்டு போட்டுக்கொள்ளுங்கள்.

5. வெறுங்காலோடு நடப்பதாக வேண்டுதல் இருந்தால், தார் சூடேறுமுன் நடந்து முடியுங்கள். சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் செருப்பில்லாமல் நடக்கவே கூடாது. வெந்து கொப்புளித்த பிறகும் அவர்களுக்குத் தெரியாது.

6. கூட்டத்தில் மெதுவாக நடப்பவர் யாரோ, அவர் வேகத்தில் எல்லோரும் நடங்கள். இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு வரட்டும்.

7. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், கெண்டைக்கால் இழுப்பு, இதில் எது வந்தாலும் நிழலில் உட்காருங்கள். தெளிந்தபின்னும் அன்றைக்கு வெயிலில் இறங்க வேண்டாம்.

8. ஒருவர் சம்பந்தமில்லாமல் பேசினாலோ, தள்ளாடினாலோ, மயங்கினாலோ அது வெப்ப வாதம். உயிர் போகும் நிலை. உடனே 108க்கு அழையுங்கள். வண்டி வரும்வரை காத்திருக்காமல் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்திலும் அக்குளிலும் பனிக்கட்டி வையுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

9. முடியவில்லை என்றால் நம்பர் ஒன் டோல்கேட்டில் பேருந்து ஏறிவிடுங்கள். சாமி குத்தம் ஆகிவிடுமோ என்று பயந்து நடந்தே தீர வேண்டாம். பெற்ற தாய், பிள்ளை விழுந்து எழுந்து வர வேண்டும் என்று கேட்பாளா? மாரியாத்தாளும் கேட்கமாட்டாள். கூட வருபவர் இப்படி ஏறினால் கேலி பேசாமல் நீங்களும் துணைக்கு ஏறுங்கள்.