கடல் மட்ட உயர்வும் கரையோரச் சாகுபடியும்

துருவப் பனி உருகுவதற்கும் நாகப்பட்டினம் கரையோர நன்செய்க்கும் என்ன சம்பந்தம் என்று மிராசுதார்கள் வினவக்கூடும். சம்பந்தம் உண்டு, அதனை இங்கு விளக்குவோம்.

டம்ளர் நீரில் மிதக்கும் பனிக்கட்டி கரைந்தால் நீர்மட்டம் உயராது. வெளியிலிருந்து வேறொரு கட்டியை இட்டால் உயரும். அவ்வாறே, வடதுருவக் கடலில் மிதக்கும் பனி உருகுவதால் கடல் மட்டம் அநேகமாக மாறுவதில்லை. கிரீன்லாந்து, அண்டார்க்டிகா நிலங்களின்மேல் படிந்த பனியும், மலைப் பனியும் உருகிக் கடலிற் சேர்வதாலும், வெப்பத்தால் கடல்நீர் விரிவடைவதாலுமே மட்டம் உயர்கின்றது. 1901 முதல் 2018 வரை இவ்வுயர்வு சராசரி 20 சென்டிமீட்டர், அதாவது சுமார் 8 அங்குலம். 1971 வரை ஆண்டுக்கு 1.3 மில்லிமீட்டராயிருந்த வேகம், 2006 முதல் 2018 வரை 3.7 மில்லிமீட்டராயிற்று.

இதனை அற்பமென்று எண்ணலாகாது. ஆயிரம் அடிக்கு ஓரடி சரிவுள்ள பூமியில், கடல் ஓர் அங்குலம் உயர்ந்தால் நீர் விளிம்பு சுமார் 83 அடி உள்ளே வரக்கூடும். காவிரிக் கடைமடையோ மிகத் தட்டையான பூமி. அன்றியும், 1934இல் கட்டி முடிந்த மேட்டூர் அணை முதலியவற்றில் வண்டல் தங்கிவிடுவதால், ஆறு கொணர்ந்து நிலத்தை உயர்த்திவந்த மண்ணும் குறைந்துவிட்டது.

நிலத்தின்மேல் வருமுன்னரே கடல்நீர் நிலத்தடியிற் புகக்கூடும். உவர்நீர் கனமானதாகையால் நன்னீர் அதன்மேல் மிதக்கின்றது. கடல் மட்டத்திற்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 அடி நன்னீர் நிற்கும் என்பது பொதுக் கணக்கு. ஆகவே, மிதமிஞ்சி இறைத்து நீர்மட்டத்தை ஓரடி தாழ்த்தினால், நாளடைவில் உவர்நீர் 40 அடி மேலேறக்கூடும். கடல் உயர்வது நம் வசமன்று. இறைப்பு நம் வசமுள்ளது.

எனவே செய்யத்தக்கவை:

1. கரையோரத்தில் ஆழ்குழாய்க் கிணற்று இறைப்பைக் குறைத்து, குளம் குட்டைகளைத் தூர்வாரி மழைநீரைத் தேக்குக.

2. கிணற்று நீரின் உப்பைச் சோதித்தறிந்த பின்னரே நாற்று விடுக.

3. உவரேறிய வயலில் மழைநீரைத் தேக்கி வடித்து, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுக. குழியடிச்சான் போன்ற உவர் தாங்கும் நெல்லைப் பயிரிடுக.

4. மணல்மேடுகள், தாழை, அலையாத்தி மரங்கள் ஆகியவற்றை அழியாது காக்க.

2004 டிசம்பரில் ஆழிப்பேரலை கொணர்ந்த உவரை யாவரும் அன்றே கண்டனர். மெல்லப் புகும் உவரோ விளைச்சல் குன்றிய பின்னரே தெரியவரும். ஆகையால் கிராம உத்தியோகஸ்தர்கள் உவரேறிய சர்வே நம்பர்களை ஆண்டுதோறும் குறித்து வருவதும், கடைமடை மதகுகளின் பழுதைக் காலத்தே தெரிவிப்பதும் அவசியம்.