டெக்ஸாஸ் கவர்னர் மீது நடந்த விசாரணை

இம்பீச்மெண்டு என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் நாட்டு மாணவர்க்கு வாரன் ஹேஸ்டிங்ஸின் பெயரே முதலில் நினைவுக்கு வரும். லண்டன் மாநகரில் பிரபுக்கள் சபையின் முன் 1788 முதல் 1795 வரை நடந்த அவ்விசாரணை அவருடைய விடுதலையில் முடிவுற்றது. அம்முறையை ஆங்கிலேயரிடமிருந்து கைக்கொண்ட அமெரிக்கர், அதில் முக்கியமானதொரு மாறுதலைச் செய்தனர். இங்கிலாந்தில் அக்காலத்தில் பிரபுக்கள் சபை சிறைவாசம், மரணம் முதலிய தண்டனைகளையும் விதிக்கக்கூடியதாயிருந்தது. அமெரிக்காவிலோ பதவியினின்று நீக்குதல், இனி எப்பதவியும் வகிக்கலாகாதெனத் தடுத்தல் ஆகிய இரண்டே தண்டனைகள். மற்றைக் குற்றங்களுக்குச் சாதாரண நீதிஸ்தலங்கள் இருக்கின்றன. எனவே அங்கே இவ்விசாரணை மனிதனைத் தண்டிப்பதற்கன்று, பதவியைக் காப்பதற்கே ஏற்பட்டதென்பதை நாம் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் ராஜ்யங்களில் இவ்வாறு விசாரிக்கப்பட்ட கவர்னர்கள் சிலருள் 1917-ஆம் ஆண்டில் டெக்ஸாஸில் பதவியிழந்த ஜேம்ஸ் பெர்கூஸனை இங்கு எடுத்துக்கொள்கிறோம். அவ்வழக்கு ஒரு சர்வகலாசாலையின் வாயிலில் முளைத்ததாதலின், கல்லூரியொன்றின் சஞ்சிகையில் அதற்கு இடந்தருவது பொருந்தும்.

பெர்கூஸன் டெம்பிள் என்னும் ஊரில் பாங்கி நடத்தி வந்தவர். வக்கீல் தொழிலும் அறிந்தவர். அவரை வெறுங் கொடுங்கோலரென்று எண்ணுதல் தவறு. நிலமின்றிக் குத்தகைக்கு உழுத ஏழைக் குடியானவர்கள் தானியத்தில் மூன்றிலொரு பங்கும் பருத்தியில் நான்கிலொரு பங்கும் கொடுத்தாற் போதும், அதற்கு மேல் வாரம் வாங்கலாகாது என்று சட்டஞ் செய்வதாக வாக்களித்தே அவர் 1914-இல் வெற்றி பெற்றார். அவ்வாக்கை நிறைவேற்றவும் செய்தார். கிராமப் பாடசாலைகளுக்கு அவர் காலத்தில் மிகுந்த உதவி கிடைத்தது. 1916-இல் ஜனங்கள் அவரையே மீண்டும் தெரிந்தெடுத்தனர்.

அவருக்கும் ஆஸ்டின் நகரிலுள்ள சர்வகலாசாலைக்கும் பகை மூண்டது. ஆசிரியர் சிலரை வேலையினின்று நீக்கிவிட வேண்டுமென்று அவர் கேட்டார். 1916-இல் அதன் தலைவராக ராபர்ட் வின்ஸன் என்னும் பிரஸ்பிட்டேரியன் குருவானவரைத் தம்மைக் கலவாமல் நியமித்ததும் அவருக்கு மனக்கசப்பை உண்டாக்கிற்று. நீக்குவதற்குக் காரணம் யாதென வினவியபோது, தாம் கவர்னராதலாற் காரணங்கூறக் கடமைப்பட்டவரல்லரென்று அவர் விடையிறுத்ததாகச் சொல்வர். நிர்வாக சபையார் இணங்கவில்லை. 1917-ஆம் ஆண்டு மே மாதம் 28-ஆம் தேதி அச்சபையார் கவர்னருடைய காரியாலயத்திற் கூடியிருக்கையில், மாணவர்கள் வாத்திய முழக்கத்துடன் கொடிகளேந்தித் தலைமைச் செயலகத்தை நோக்கி ஊர்வலமாய்ச் சென்றனர். அமெரிக்கா ஜெர்மானியருடன் போர் தொடங்கிய சமயம் அது. கெய்ஸரின் ஆட்சி கடல் கடந்த நாட்டில் மட்டுமா இருக்கிறதென்னும் கருத்தை அக்கொடிகளில் எழுதியிருந்தனர். மாணவரின் நாவடக்கத்தைப் பற்றி இங்கே நாம் ஒன்றுஞ் சொல்லவில்லை. சில தினங்களில், சர்வகலாசாலைக்கெனச் சட்டசபை ஒதுக்கிய தொகையில் ஏறக்குறைய முழுவதையும் கவர்னர் தம் மறுப்பதிகாரத்தால் தள்ளிவிட்டார்.

கல்விச்சாலையைப் பணியவைக்க எண்ணி அதன் உணவையே நிறுத்தியது பெரும் பிழையாயிற்று. பழைய மாணவர்கள் ராஜ்யமெங்கும் திரண்டெழுந்தனர். முன்னாள் கவர்னர் ஒருவரின் குமாரரான வில் ஹாக் அவர்களுக்கு முன்னின்றார். ஜூலை மாதத்தில் டிராவிஸ் ஜில்லாவின் கிராண்டு ஜூரியார் கவர்னர்மேல் 9 குற்றங்களைச் சாட்டினர். அவர் 13,000 டாலருக்கு ஜாமீன் கொடுத்து, மூன்றாம் முறையும் தேர்தலில் நிற்பதாக அறிவித்தார்!

இதன்பின் நிகழ்ந்ததே சட்டம் பயில்வோர்க்குச் சுவையானது. பிரதிநிதி சபையின் தலைவர் சபையைக் கூட்டுவதாக அறிவித்தார். அவ்வதிகாரம் அவருக்குண்டா என்பது ஐயமாயிருந்தது. அவ்வையத்தைப் பெர்கூஸனே தீர்த்துவைத்தார். சர்வகலாசாலைக்குரிய மானியத்தை ஆலோசிக்கவென்று தாமே விசேஷக் கூட்டத்தை அழைத்தார். கூடிய சபையோ முதலில் கவர்னரையே ஆலோசித்தது. ஆகஸ்டு 24-இல் 21 குற்றச்சாட்டுகளை நிறைவேற்றிற்று. அவ்வளவில் அவருடைய அதிகாரம் நிறுத்திவைக்கப்பட, உபகவர்னர் ஹாபி பொறுப்பேற்றார்.

பிரதிநிதி சபை வழக்குத் தொடுப்பது, செனெட் சபை நீதிமன்றமாய் அமர்ந்து தீர்ப்பது என்பதே முறை. வந்திருக்கும் செனெட்டர்களில் மூன்றிலிரு பங்கினர் இசைந்தாலன்றி எவரும் குற்றவாளியாகார். மூன்று வாரம் விசாரணை நடந்தது. பெர்கூஸன் தாமே சாட்சிக் கூண்டேறினார். தாம் ரொக்கமாகப் பெற்ற 1,56,500 டாலர் கடனைக் கொடுத்தவர் யாரென்று கேட்டபோது வாய் திறவாதிருந்தார். சாராய உற்பத்தியைச் சேர்ந்தவர்களே அதைக் கொடுத்தனரென்பது பின்னர் வெளிவந்தது. மதுவிலக்கைப் பற்றி ராஜ்யமெங்கும் வாதம் நடந்துகொண்டிருந்த அந்நாளில் அம்மௌனத்தின் பொருளை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

செனெட் சபை 10 குற்றச்சாட்டுகளை உறுதிப்படுத்திற்று. அவற்றுள் 5 பொதுப்பணத்தைத் தகாதவழியிற் செலுத்தியதைப் பற்றியன. 3 சர்வகலாசாலையைப் பற்றியன. ஒன்று பாங்கிச் சட்டங்களை மதியாததைப் பற்றியது. மற்றொன்று மேற்கூறிய மறைவான கடனைப் பற்றியது. கலாசாலையோடு தொடுத்த சண்டை கதவைத் திறந்ததேயன்றி, அவரை வீழ்த்தியவை பெரும்பாலும் கணக்குப் புத்தகங்களே. சர்வகலாசாலையின் நண்பர்கள் பிற்காலத்தில் இவ்வெற்றியைத் தமதென்றே பேசிக்கொண்டனர். அவர்க்குரிய பங்கு பத்தில் மூன்று என்றே நாம் கணக்கிடுகிறோம்.

தீர்ப்புக் கூறுவதற்கு முந்திய நாளிற் பெர்கூஸன் பதவியை ராஜிநாமாச் செய்தார். கவர்னரல்லாதவனைக் கவர்னர் பதவியினின்று நீக்குவதெங்ஙனம், ஆதலால் எதிர்காலத் தடையும் தம்மைச் சாராது என்பது அவர் யுக்தி. செனெட் சபை அதைப் பொருட்படுத்தாமல் செப்டம்பர் 25-ஆம் தேதி, 25 வாக்குகளுக்கு 3 வாக்குகளாக, அவரை நீக்கியும் டெக்ஸாஸ் ராஜ்யத்தில் இனி எவ்வுத்தியோகமும் வகிக்கலாகாதெனத் தடுத்தும் தீர்ப்பளித்தது.

அந்த யுக்தி 1924-இல் ராஜ்யத்தின் உயர்ந்த நீதிமன்றத்தில் ஆராயப்பட்டது. தேர்தற் சீட்டில் அவர் பெயர் வரலாகாதென மாடக்ஸ் என்பவர் வழக்குத் தொடுத்திருந்தார். விசேஷக் கூட்டத்திற் கவர்னர் குறித்த விஷயமன்றி வேறொன்றைச் செய்யலாகாதென்ற வாதத்தை நீதிபதிகள் ஏற்கவில்லை. அவ்விதி சட்டஞ் செய்வதற்கே உரியது. இம்பீச்மெண்டோ சட்டஞ் செய்தலன்று, நியாய பரிபாலனம் என்றனர். விசாரணை முடிந்து குற்றமும் நிச்சயமான பின் அளிக்கப்படும் ராஜிநாமா தீர்ப்பைத் தடுக்கமாட்டாதென்றும் விளக்கினர். இது மிகவும் நேர்மையான முடிவென்பது நம் கருத்து. அன்றேல் தோல்வி திண்ணமென்று கண்ட ஒவ்வோர் அதிகாரியும் கடைசி நாளில் ஒரு கடிதம் எழுதித் தப்பிவிடலாமன்றோ?

ஆயினும் அத்தீர்ப்பு அவரைக் கட்டியதேயன்றி, ஜனங்களின் அன்பைக் கட்டவில்லை. அதே ஆண்டில் அவருடைய மனைவி மிரியம் பெர்கூஸன் தேர்தலில் நின்றார். ஒருவருக்குரிய சம்பளத்தில் இரண்டு கவர்னர்கள் கிடைப்பரென்று வெளிப்படையாகவே சொல்லி வாக்குக் கேட்டனர். பெண்களுக்கு வாக்குரிமை கூடாதென்று எதிர்த்து வந்தவர் பெர்கூஸன் என்பதை நினைத்தால் நமக்கு நகைப்புண்டாகிறது. அம்மையார் வெற்றி பெற்று 1925-ஆம் ஆண்டு ஜனவரியிற் பதவியேற்றார். அவ்வாண்டிலேயே சட்டசபை அவர் கணவருக்கு மன்னிப்புச் சட்டமொன்றை நிறைவேற்ற, அவருக்குப் பின் வந்த சட்டசபை 1927-இல் அதனை ரத்துச் செய்தது.