கோச் நல்லவர்தான்... ஆனாலும் கேளுங்கள்!

'ஸ்கூல் விட்டதும் டி.வி. முன்னால் உட்காராமல் கிரவுண்டில் ஓடட்டும்' என்று பிள்ளையை ஃபுட்பால் கோச்சிங்கில் சேர்த்து விடுகிறோம். நல்லதுதான். இதயத்துக்கும் எலும்புக்கும் ஓட்டம் நல்லது. ஷூ வாங்கித் தருகிறோம். முழங்காலில் சிராய்ப்பு என்றால் மருந்து போடுகிறோம். ஆனால், யார் கையில் ஒப்படைக்கிறோம் என்று எத்தனை பேர் விசாரிக்கிறோம்?

கால்பந்துக்குப் பேர்போன இங்கிலாந்தே இந்தக் கேள்வியைத் தாமதமாகத்தான் கேட்டது.

பெற்றோரையும் மயக்கியவர்

2016 நவம்பரில் ஆண்டி வுட்வர்ட் என்ற முன்னாள் வீரர், 'கார்டியன்' பத்திரிகையில் தன் பெயரை மறைக்காமல் பேசினார். சிறுவனாக 'க்ரூ அலெக்ஸாண்ட்ரா' கிளப்பில் பயிற்சி பெற்றபோது, பேரி பென்னல் என்ற கோச் தன்னைப் பாலியல் கொடுமைக்கு ஆளாக்கியதைச் சொன்னார். அவர் பேசியதும், பல வருஷமாக மனசுக்குள்ளேயே புதைத்து வைத்திருந்த பலரும் பேச ஆரம்பித்தார்கள்.

பென்னல் மிரட்டிக்கொண்டு வரவில்லை. திறமையைக் கண்டுபிடிப்பவர் என்ற பெயரோடு வந்தார். பெற்றோரின் நம்பிக்கையைச் சம்பாதித்தார். அவர் வீட்டில் விளையாட்டு மெஷின்கள், குரங்கு, பூமா என்று பையன்கள் ஆசைப்படும் எல்லாமே இருந்தன. இரவு தங்கவும் போனார்கள். டீமில் இடம் தருவதும் பறிப்பதும் அவர் கையில்! பிள்ளைகள் எப்படி வாய் திறப்பார்கள்?

2018-ல் கோர்ட் அவருக்கு 31 வருட தண்டனை விதித்தது. 2023-ல் சிறையிலேயே இறந்தார்.

கால்பந்து சங்கத்துக்காக விசாரணை நடத்திய வழக்கறிஞர் கிளைவ் ஷெல்டன், 2021 மார்ச்சில் அறிக்கை தந்தார். 1970 முதல் 2005 வரையிலான காலத்தைப் பற்றியது அது. பாதிக்கப்பட்டவர்கள் குறைந்தது 692 பேர். சந்தேகத்துக்கு ஆளானவர்கள் குறைந்தது 240 பேர். 1995-க்குப் பிறகும் சங்கம் பாதுகாப்பு ஏற்பாடுகளில் மெத்தனமாக இருந்தது என்று அறிக்கை குறை சொன்னது.

இன்று அங்கே சிறுவர் டீம் நடத்தும் கிளப்பில், பிள்ளைகளின் நலனைக் கவனிக்கவே தனியாக ஒரு 'வெல்ஃபேர் ஆபீசர்' உண்டு. கோச்சாக வருபவர் மீது பழைய குற்ற வழக்கு இருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். 'பார்த்தால் நல்லவராகத் தெரிகிறாரே' என்பது போதாது. விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்பதே அங்கிருந்து நாம் படிக்க வேண்டிய பாடம்.

சேர்க்கும் முன் கேளுங்கள்

1. கோச்சின் பின்னணியை விசாரித்தீர்களா? புகார் வந்தால் யாரிடம் சொல்வது?

2. பயிற்சியைப் பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாமா?

3. வெளியூர் மேட்ச் என்றால் உடன் எத்தனை பெரியவர்கள்? கோச்சும் பிள்ளையும் ஒரே அறையில் தங்கக் கூடாது.

4. கோச் பிள்ளைக்குத் தனியாக போன், மெசேஜ் செய்யாமல், பெற்றோர் மூலமாகவே சொல்வாரா?

'இப்படிக் கேட்டால் கோவிச்சுக்குவாரே' என்று தயங்க வேண்டாம். நல்ல கோச்சுக்கும் இந்த விதிகள்தான் பாதுகாப்பு.

பிள்ளையின் மாற்றம்

ஆசையாகப் போய்க்கொண்டிருந்தவன் திடீரென்று 'வயிறு வலிக்குதும்மா, இன்னிக்குப் போகலை' என்று அடிக்கடி மட்டம் போடுகிறானா? தூக்கம் கெடுகிறதா? படுக்கையில் சிறுநீர் போகிறதா? காரணம் சொல்லாமல் எரிந்து விழுகிறானா? கோச் ரகசியமாகப் பரிசு தருகிறாரா? இவற்றுக்கு வேறு காரணமும் இருக்கலாம். ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகக் கேளுங்கள். 'எத்தனை கோல் போட்டே?' என்று மட்டும் கேட்காமல், 'அங்க உனக்குப் பிடிக்காதது ஏதாவது நடந்துச்சா கண்ணு?' என்றும் கேளுங்கள். பெண் பிள்ளைக்குத்தான் இந்தக் கவலை, பையனுக்கு என்ன என்று மட்டும் இருந்துவிடாதீர்கள்.

சொல்லிவிட்டால்...

அலறாதீர்கள். 'முன்னாடியே ஏன் சொல்லலை?' என்று கேட்கவே கேட்காதீர்கள். 'நீ சொன்னது ரொம்ப நல்லது. உன் மேல தப்பே இல்லை' என்று சொல்லுங்கள். துருவித் துருவி விசாரிக்காமல், பிள்ளை சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதி வையுங்கள். கோச்சிடம் நேரில் போய்ச் சண்டை போட வேண்டாம், அவர் உஷாராகிவிடுவார். பிள்ளையை டாக்டரிடம் அழைத்துப் போங்கள். பயமும் குற்ற உணர்ச்சியும் போக மனநல ஆலோசனையும் தேவைப்படும்.

நம் நாட்டில் 2012-ன் போக்சோ சட்டம் 18 வயதுக்குட்பட்ட ஆண், பெண் இருவருக்கும் பொருந்தும். குற்றம் நடந்தது தெரிந்தவர்கள் போலீசில் சொல்வது கட்டாயம். 'டீம் பேர் கெட்டுடும்' என்று கிளப்பே மூடி மறைத்தாலும் அது குற்றம்தான். எங்கே ஆரம்பிப்பது என்று புரியாவிட்டால், குழந்தைகள் உதவி எண் 1098 இரவு பகல் எந்நேரமும் இயங்குகிறது. கட்டணம் கிடையாது. அந்த எண்ணைப் பிள்ளைக்கும் சொல்லி வையுங்கள்.