தொழிலும் தொண்டும்: நேச நாயனார் காட்டும் நெறி

தொண்டை நன்னாட்டுக் குன்றத்தூரிலே தோன்றியருளிய சேக்கிழார் பெருமான், 12ஆம் நூற்றாண்டில் அநபாய சோழனுக்கு அமைச்சராய் அமர்ந்து அரசியல் நடாத்தியவர். சோழநாட்டுத் திருநாகேச்சரத்தின்மீது அன்பு மீக்கூர்ந்து, தம் ஊரிலும் அப்பெயராலேயே ஒரு திருக்கோயில் எடுப்பித்தனர். தாமே தொழிலிடை நின்று தொண்டியற்றினவராதலின், மட்கலம் வனைவாரும், ஆடை ஒலிப்பாரும், எண்ணெய் ஆட்டுவாரும், மீன் பிடிப்பாரும் தத்தம் தொழிலில் நின்றே அடியராயினவாற்றை இனிது விளக்கியருளினர்.

இக்காலத்துச் சிலர், தொழிலே வழிபாடாம், வேறு வழிபாடு மிகையென்பர். அக்கூற்றை நேச நாயனார் வரலாற்றின்வழி ஈண்டு ஆராய்வாம்.

நேசர் காம்பீலியென்னும் ஊரில் நெய்வார் மரபில் வந்தவர். மனத்தின் செயலைச் சிவபெருமான் திருவடிக்கும், வாக்கின் செயலைத் திருவைந்தெழுத்துக்கும், கைத்தொழிலின் செயலை அடியார்க்கும் அவர் ஆக்கினாரெனச் சேக்கிழார் முக்கரணங்களையும் வகுத்துக் காட்டினர். ஆடையும் கீளும் கோவணமும் நெய்து அடியார்க்கு அளித்தலே அவர்தம் தொண்டு. பிறர் தறியும் அவர் தறியும் ஒன்றே, இழையும் ஒன்றே, பயன் சென்று சேருமிடமே வேறு. மனமும் வாக்கும் பிறிதொன்றில் நிற்பக் கைமட்டும் இயங்குமாயின், அது யான் எனதென்னுஞ் செருக்கை வளர்க்கும் வினையேயாம். சிவஞானபோதப் பத்தாஞ் சூத்திரங் கூறும் இறைபணி நிற்றலும், பன்னிரண்டாஞ் சூத்திரங் கூறும் அடியார் வழிபாடும் நேசர்க்கு ஒரு தறியிலே கைகூடின.

அற்றேல், விலைக்கு விற்று வாழ்வார்க்கு இத்தொண்டு இயையாதோவெனின், இயையுமென்க. பழையாறை அமர்நீதியார் ஆடை முதலியன விற்ற வணிகர். அவரே அடியார்க்கு அமுதும் கோவணமும் அளித்தனர். திருவொற்றியூர்க் கலியர், செல்வம் போயபின் கூலிக்குச் செக்காட்டி, அக்கூலிகொண்டு திருவிளக்கிட்டனர். ஆகலின் ஊதியம் தொண்டுக்கு இழுக்காகாதென்பது பெறப்படும்.

இனி, குன்றத்தூர்க்கு அணித்தேயுள்ள அனகாபுத்தூர், 2021ஆம் ஆண்டு தாம்பரம் மாநகராட்சியுள் அடங்கியது; நெசவுக்குப் பெயர்பெற்றது. வாழைநாரையும் இழையாக்கி நெய்யுங் கைவன்மை படைத்தவர் அங்கு உளர். தறிகளோ பண்டையினும் மிகக் குறைந்துவிட்டன. அடியார்க்கு ஆடை நெய்த பெருமானைத் தொழுகின்ற யாம், அத்தொழிலால் வாழ்வாரை எண்ணுகின்றிலேம். கோயிற் பரிவட்டமும் திருமடத்து ஆடையும் எவர் தறியில் நெய்யப்பட்டன, நெய்தார்க்கு உரிய கூலி சென்றதோவென வினவுவார் எத்துணையர்?

பங்குனி உரோகிணி நேசர் குருபூசைத் திருநாள். அந்நாளில் திருவுருவை வழிபடுதலோடு அமையாது, அண்மையிலுள்ள நெய்வார்க்கு நேர்விலை தந்து ஆடை பெற்று, அடியார்க்கு வழங்குதலை மடங்களும் சைவ சபைகளும் மேற்கொள்க. நெய்வாரும் திருவைந்தெழுத்தை ஓதிக்கொண்டே நெய்வாராயின், பெரிய புராணம் ஓதுமளவில் நின்றுவிடாது, குன்றத்தூர்ப் பெருமான் கருதியவாறே வாழ்வில் விளங்கும்.

திருச்சிற்றம்பலம்.