இளமைத் துயரும் இசைத் துணையும்

மகளிர் பருவத்தை ஏழாகப் பகுத்த பாட்டியல் நூலார், மடந்தைப் பருவத்திற்கு வரையறுத்த அகவை 14 முதல் 19 வரை ஆகும். ஆடவர்க்கு அவர் வகுத்த பெயர்களை நோக்கின் வேறொரு நயம் புலப்படும். பாலன், மீளி என மெல்லத் தொடங்கிய பெயர்கள், மறவோன், திறலோன், காளை, விடலை என அவ்விளமைக் காலத்தே ஒன்றன்பின் ஒன்றாய் நெருங்கி வருகின்றன. விடலையாகிய பின்னரோ ஒரே பெயர் நெடுங்காலம் நின்று விடுகின்றது. ஆண்டுதோறும் பெயரே மாறும் பருவத்தில் உள்ளம் மட்டும் எங்ஙனம் ஒருநிலைப்பட்டு நிற்கும்?

அப்பருவத்துத் துயர் யாது என வினவுவார்க்குத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் விடை உண்டு. அழுகை பிறக்கும் களன்களாக அவர் நான்கினைக் கூறினர்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இவற்றுள் இளிவும் இழவும் வறுமையும் எவர்க்கும் எளிதில் விளங்குவன. அசைவு என்பதற்குப் பண்டைய நிலை கெட்டு வேறொருவாறாகி வருந்துதல் என்று பொருள் கண்டனர் பேராசிரியர். செல்வன் வறியனாதல் போன்ற பெருங்கேடுகளையே உரைகாரர் கருதினர் போலும். எனினும், குழந்தை நிலை நீங்கி இன்னும் ஆடவனாகாத ஒருவன், காரணம் கூற அறியாது கண் கலங்குவதற்கும் இதனினும் பொருந்திய சொல் பிறிதில்லை என்பது என் கருத்து. இழந்த பொருள் இன்னது என்று சுட்டலாகாமையின் அவனுக்கு ஆறுதல் கூறுவாரும் தடுமாறுவர். அவ்விடத்தே இசை என்ன செய்கின்றது என்பதே ஈண்டு ஆராயப் புகுந்த பொருளாகும்.

இசை துயரை மறக்கச் செய்யும் என்பர் பலர். அகநானூற்றின் 102-ஆம் பாட்டில், தினைப்புனம் மேய வந்த யானை கொடிச்சி பாடிய குறிஞ்சிப் பண்ணைக் கேட்டுத் தினையையும் மறந்து உறங்கிப் போகின்றது. ஆறலை கள்வரும் பாலை யாழின் ஓசையால் தம் படைக்கலத்தைக் கைவிடுவர் என்று பொருநராற்றுப்படை கூறும். இவை இசையின் ஆற்றலைக் காட்டும் இனிய சான்றுகளே. எனினும் யானையின் உறக்கம் மனிதர்க்கு வேண்டுவதன்று. உறங்கி எழுந்தவன் தன் துயரையும் உடன் எழக் காண்பான். இவற்றினும் ஆழமான சான்றொன்று சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் உளது.

கோவலன் சிலம்பு விற்கச் சென்ற நாளின் காலையில், மதுரைப் புறஞ்சேரி ஆயர்பாடியில் தீய குறிகள் தோன்றுகின்றன. குடத்துப் பால் உறையவில்லை. ஏற்றின் கண்ணில் நீர் சோர்கின்றது. உறியிலுள்ள வெண்ணெய் உருகவில்லை. ஆட்டுக்குட்டி துள்ளாது சோம்பிக் கிடக்கின்றது. ஆக்களின் கழுத்து மணிகள் அற்று நிலத்தில் வீழ்கின்றன. வருவது யாதென அறியாத அச்சம் சேரி முழுதும் பரவுகின்றது. முதுமகளாகிய மாதரி அதற்குச் செய்தது யாது? தன் மகள் ஐயையை நோக்கி, மனம் மயங்க வேண்டா என்று தேற்றி, கண்ணகி காணக் குரவைக் கூத்து ஆடுவோம் என்றாள். பின்னர் இளமகளிர் எழுவரை வரிசைப்பட நிறுத்தி, குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழிசைப் பெயர்களை அவர்க்கு இட்டாள்.

இப்பெயரீட்டினை உரையாசிரியர் இசையிலக்கணம் பற்றியே விரித்துரைத்தனர். அவ்விலக்கணம் பெரிது; அதனுள் யான் புகவில்லை. யான் காண்பது வேறு. ஒரு கணத்திற்கு முன்னர் நடுங்கி நின்ற பெண் ஒருத்தி இப்பொழுது விளரி ஆகின்றாள். அவள் அச்சம் அவளை விட்டு நீங்கிற்று என்று இளங்கோவடிகள் கூறவில்லை. ஆயின் அவ்வச்சத்திற்கு ஓர் இடமும், இருபுறமும் பற்றிக்கொள்ள இரு கைகளும், அடியெடுத்து வைக்க ஒரு தாளமும் கிடைத்தன. அளவற்றதாய் இருந்த துயர் அளவுக்குள் வந்தது.

அக்குரவையால் வருவது நின்றதோ எனின், நிற்கவில்லை. அடுத்த காதை துன்ப மாலை. ஆடல் முடிந்து மாதரி வைகை நீராடச் சென்றாள். நகரிலிருந்து ஒருத்தி விரைந்து வந்தாள். சொல்ல வாயெழாது நின்றாள். கோவலன் கொலையுண்ட செய்தி அவ்வாறு வந்தது. இசை ஊழைத் தடுக்கும் என்று அடிகள் நம்மை ஏமாற்றவில்லை. செய்தி வந்த பொழுது அப்பெண்கள் தனித்தனியே அஞ்சி ஒடுங்கிக் கிடக்கவில்லை, ஒருங்கு கூடி நின்றனர் என்பது மட்டுமே நமக்குக் கிடைப்பது. அதுவே போதும் என்று எனக்குத் தோன்றுகின்றது.

நூலில் கண்ட இதனை யான் நேரிற் கண்டதும் உண்டு. என் ஊர் இண்டூர், தருமபுரியிலிருந்து பெண்ணாகரம் செல்லும் வழியில் உள்ளது. ஔவையாரும் அதியமான் நெடுமான் அஞ்சியும் வாழ்ந்த தகடூரே இன்றைய தருமபுரி என்பதை எங்கள் பக்கத்தார் எவரும் சொல்லாமல் விடமாட்டார், யானும் விடவில்லை. எங்கள் வட்டாரத்தில் தெருக்கூத்து இன்றும் உயிரோடு உள்ளது. திரௌபதி அம்மன் திருவிழாவில் பாரதக் கூத்து நிகழ்வதன்றி, இறந்தார்க்குச் செய்யும் கருமாதியின் இரவில் கர்ண மோட்சம் ஆடுவிப்பதும் வழக்கம். என் பதினைந்தாம் ஆண்டில், உடன் பயின்ற நண்பன் ஒருவன் தந்தையை இழந்தான். மூத்த மகன் ஆதலின் அழக்கூடாது என்று எவரோ சொல்லியிருந்தனர். அவன் அழவில்லை, பந்தற்கால் நட்டான், வந்தார்க்குத் தண்ணீர் கொடுத்தான், பள்ளிப் பாடம் யாது நடந்தது என்றுகூட என்னை வினவினான். பதினைந்து நாளும் அவ்வாறே இருந்தான்.

கருமாதி இரவில் முகவீணையும் மத்தளமும் ஆர்மோனியமும் முழங்கக் கூத்துத் தொடங்கிற்று. வைகறைப் பொழுதில், களத்தில் வீழ்ந்த கர்ணனைக் குந்தி மடிமேல் கிடத்திப் புலம்பும் இடம் வந்தது. குந்தி வேடம் பூண்டவர் ஐம்பது கடந்த ஆடவர், குரல் கம்மியிருந்தது. அவர் ஒப்பாரி எடுத்தவுடன் திண்ணையில் என் அருகிருந்தவன் விம்மினான். எவரும் அவனைத் தடுக்கவில்லை. அங்கிருந்த அனைவரும் கர்ணனுக்காக அழுதுகொண்டிருந்தனர். அவரோடு அவனும் அழுதான். தன் துயரை வெளியிட நாணியவனுக்குப் பிறர் துயர் ஒன்றைப் பாட்டுக் கொடுத்தது. யான் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவன். எங்கள் வீட்டுத் துக்கத்தில் கூத்து இல்லை, கீர்த்தனை பாடுவோம். பாடல் வேறாயினும் செய்யும் தொழில் ஒன்றே. ஊரார் குரல் பலவாய் எழும்பொழுது ஒருவன் தொண்டை அடைத்துக்கொண்டாலும் பாட்டு நின்றுவிடுவதில்லை. அவன் சற்று நேரம் வாய் மூடியிருந்து பின்னர்ச் சேர்ந்துகொள்ளலாம்.

இசை எப்பொழுதும் நலமே பயக்கும் என்று கூறவும் யான் துணியவில்லை. அதே சிலப்பதிகாரத்தில் கானல்வரி உண்டன்றோ? கடற்கரையில் இருந்து கோவலன் யாழிசைத்துப் பாடினான். அவன் மனம் வேறொருத்திபால் சென்றதோ என ஐயுற்ற மாதவி, தானும் யாழ் வாங்கி, தனக்கும் வேறொரு குறிப்பு உண்டென்பது போலப் பாடினாள். அவன் அவளை விட்டு எழுந்து போயினான். வாய்விட்டு ஒரு வினா வினவியிருந்தால் தீர்ந்திருக்கும் ஐயத்தை இருவரும் பாட்டில் ஏற்றிப் பெரிதாக்கினர். இன்று விடுதி அறையில் இயர்போன் செருகிக்கொண்டு, பிரிவைப் பாடும் திரைப்பாட்டு ஒன்றையே இரவெல்லாம் மீட்டும் மீட்டும் கேட்கும் மாணவரைக் காணுந்தோறும் எனக்குக் கானல்வரியே நினைவுக்கு வருகின்றது. கானடா நாட்டு மான்றியால் நகரத்து மக்கில் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் 2011-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வின்படி, இசையால் உள்ளம் சிலிர்க்கும் நொடியில் மூளையில் டோப்பமின் என்னும் பொருள் சுரக்கின்றதாம். உணவு முதலியவற்றால் உண்டாகும் இன்பத்திற்கும் அப்பொருளே துணை. பசித்தவனுக்கு உணவு மருந்து. பசியாதவனுக்கு அதுவே நோய். இசைக்கும் அவ்வரம்பு உண்டு போலும்.

இவ்வரம்பினைக் கருதியே பெரியோர் சிலர் மாணவர்க்கு இசை வேண்டா என்றனர். அவருள் தலைசிறந்தவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள். தமிழ் மாணவராகிய நம்மனோர் இவ்வரலாற்றை ஊன்றி நோக்குதல் வேண்டும். 1855-இல் பிறந்த உத்தமதானபுரம் உ. வே. சாமிநாதையர், 1871-இல், பதினாறு ஆண்டு நிரம்பியவராய், தமிழ் பயில மாயூரத்தில் பிள்ளையவர்களை அடைந்தார். அவர் தந்தையார் வேங்கடசுப்பையர் கனம் கிருஷ்ணையரிடம் இசை பயின்றவர். மகனும் இசைவாணனாதல் வேண்டும் என விழைந்தவர். மாயூரத்தில் அப்பொழுது நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் வாழ்ந்து வந்தார். அவரிடம் ஐயர் இசைப்பயிற்சி தொடங்கினார். பெற்றோரைப் பிரிந்து புதிய ஊரில் இருந்த அவ்விளைஞருக்கு, பிறந்த வீட்டின் ஓசையே அவ்விசையில் கேட்டிருக்கும் என்று எண்ணுகின்றேன். செய்தி பிள்ளையவர்களுக்கு எட்டியது. இசையில் மிகுதியாகப் பழகினால் இலக்கண இலக்கியங்களில் கருத்து ஊன்றாது என்று அவர் கூறினார். ஐயர் இசைப்பயிற்சியை விட்டுவிட்டார்.

ஆசிரியர் கூற்று முற்றும் தவறென்று சொல்ல எனக்கு அகவை போதாது. ஆயினும் அவரே இசைக்கு உருகிய கதை ஒன்று உண்டு. அதனை நமக்கு உரைத்தவரும் ஐயரே. பத்தாண்டுகளுக்கு முன்னர், பாரதியார் தம் நந்தனார் சரித்திரத்திற்குச் சிறப்புப்பாயிரம் வேண்டிப் பிள்ளையவர்களிடம் பன்முறை சென்றனர். அதில் இலக்கண வழுக்கள் உள்ளன என்று அவர் பாயிரம் தாராது காலந் தாழ்த்தினர். ஒருநாள், காத்திருந்த பாரதியார் தம் கீர்த்தனையைத் தாமே பாடிக்கொண்டிருந்தார். அது செவியிற்பட்ட அளவிலே பிள்ளையவர்கள் நெஞ்சு நெகிழ்ந்து பாயிரம் அளித்தனர். வழுக்கள் எங்கும் போய்விடவில்லை, அங்கேயே இருந்தன.

மாணவராகிய ஐயரும் ஒன்றைக் கைவிடாது வைத்துக்கொண்டார். செய்யுளை இராகத்தோடு படிக்கும் பழக்கம் அவரிடம் நிலைத்தது. திருவாவடுதுறை ஆதீனத் தலைவரும் இசையன்பருமாகிய சுப்பிரமணிய தேசிகர் அதனைக் கேட்டு மகிழ்ந்தனர். 1892-இல், ஏழிசையும் எழுவர் மகளிரும் நிற்கும் சிலப்பதிகாரத்தை உரையோடு பதிப்பித்து நம் கையில் தந்தவரும் அவரே. அதன் இசைச் செய்திகளைப் பற்றுக்கோடாகக் கொண்டு தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலை வெளியிட்டார். பின்னர், 1936-ஆம் ஆண்டில், தம் எண்பத்தோராம் அகவையில், ஐயர் மூவர் வரலாற்றைத் தனித்தனி நூலாக எழுதினார். ஒருவர் தந்தைக்கு இசை கற்பித்த கனம் கிருஷ்ணையர். ஒருவர் மகா வைத்தியநாதையர். மற்றொருவர், மாயூரத்தில் தமக்குச் சில நாள் பாட்டுச் சொல்லிக் கொடுத்த கோபாலகிருஷ்ண பாரதியார்.